பழைய ரைசனில் கேம் திணறுகிறதா? புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலைகள்

என் கம்ப்யூட்டரில் இருந்தது ரைசன் 5 1600. 2017-இல் வந்த ஏஎம்டி பிராசசர். பி350 மதர்போர்டு, 16 ஜிபி ரேம். பல வருடம் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி ஓடியது. அப்புறம் புதிய கேம்கள் திணற ஆரம்பித்தன. கிராபிக்ஸ் கார்டுதான் பழசாகிவிட்டது என்று நினைத்து, இருபதாயிரத்துக்கு மேல் கொடுத்து ஆர்எக்ஸ் 6600 வாங்கிப் போட்டேன். சைபர்பங்க் 2077-இல் கூட்டமான சந்தைக்குள் நடந்தால், பழைய கார்டில் 42 எஃப்பிஎஸ் (ஒரு நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) வந்த இடத்தில் புதுக் கார்டிலும் 43. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

கோளாறு பிராசசர் பக்கம் இருந்தது. அதைக் கண்டுபிடித்து, நடுவில் ஒரு பின்னை வளைத்து, பூட்டிக்கொண்ட டிரைவைத் திறக்கத் தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்து, எல்லாவற்றையும் ஒழுங்குக்குக் கொண்டுவர இரண்டு மாதம் ஆனது. எதற்குப் பின் எது என்று தெரிந்திருந்தால் இரண்டு வார இறுதியில் முடிந்திருக்கும். அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

இது ஏஎம்4 சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) உள்ள மதர்போர்டில் ரைசன் 1000, 2000, 3000 வரிசை பிராசசர் வைத்திருப்பவர்களுக்கு. பழைய இன்டெல் வைத்திருந்தால் முதல் நான்கு படிகள் உங்களுக்கும் பொருந்தும். ஐந்தாவது படிக்கு வரும்போது மட்டும் நிதானம் தேவை. இன்டெல்லின் 7-ஆம் தலைமுறைக்கும் 8-ஆம் தலைமுறைக்கும் சாக்கெட்டில் பின் எண்ணிக்கை 1151 என்று ஒன்றாகவே இருக்கும். ஆனால் ஒன்றின் போர்டில் மற்றதன் பிராசசர் ஓடாது.

1. முதலில் அளந்து பாருங்கள்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளை இறக்குங்கள். கூடவே ரிவாடியூனர் என்பதும் வரும், அதையும் நிறுவுங்கள். கேம் ஓடும்போது திரையின் மூலையில் இந்த ஐந்தும் தெரியும்படி வையுங்கள்: கிராபிக்ஸ் கார்டு எத்தனை சதவீதம் வேலை செய்கிறது, பிராசசரின் ஒவ்வொரு திரெட்டும் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைப் பாதை) எத்தனை சதவீதம், பிராசசர் வெப்பம், எஃப்பிஎஸ், ஃபிரேம் டைம் (ஒரு படம் உருவாக ஆகும் நேரம்).

உங்கள் கேமில் எந்த இடத்தில் அதிகம் திணறுகிறதோ அங்கே போய் இரண்டு நிமிடம் விளையாடுங்கள். கிராபிக்ஸ் கார்டு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பிராசசர் மேல் குற்றமில்லை, கார்டுதான் முட்டுகிறது. கார்டு 60, 70 சதவீதத்தில் சும்மா நிற்க, எஃப்பிஎஸ்ஸும் குறைவாக இருந்தால், பிராசசர் அதற்குத் தேவையான வேகத்தில் வேலை கொடுக்கவில்லை என்று பொருள். சந்தேகம் இருந்தால் ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் ஏறவே இல்லையென்றால் முடிவு உறுதி. இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். நான் இதைச் செய்யாமல்தான் இருபதாயிரம் ரூபாயைத் தவறான இடத்தில் போட்டேன்.

டாஸ்க் மேனேஜரில் "சிபியு 45%" என்று பார்த்துவிட்டு, பாதிதான் வேலை செய்கிறது, பிராசசர் நன்றாகத்தான் இருக்கிறது என்று நிறையப் பேர் நினைத்துவிடுகிறார்கள். 1600-இல் 12 திரெட். கேமின் முக்கிய வேலை ஒரே திரெட்டில் முழுமூச்சாக ஓடினாலும், மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான். அதனால் மொத்த எண்ணை விட்டுவிட்டு ஒவ்வொரு திரெட்டையும் பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் உச்சத்தில் நின்றாலே முட்டுக்கட்டை அங்கேதான்.

இன்னொன்று, சராசரி எஃப்பிஎஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். ஃபிரேம் டைம் கோடு நேராக ஓடினால் 50 எஃப்பிஎஸ்கூட விளையாட இதமாக இருக்கும். நடுநடுவே 40, 50 மில்லிசெகண்டுக்கு எகிறினால் 80 எஃப்பிஎஸ்ஸும் கண்ணை உறுத்தும். பழைய பிராசசரின் தொல்லை பெரும்பாலும் இந்த எகிறல்தான்.

கிடைத்த எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். இனி ஒவ்வொரு படிக்குப் பிறகும் அதே இடத்தில் அதே இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

2. ரேம்: செலவில்லாமல் அதிகம் கிடைக்கும் இடம்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். ரைசன் 1000, 2000 வரிசையில் ரேமின் வேகம் பிராசசரின் உள்ளேயே வேலை செய்கிறது. 1600-இன் ஆறு கோர்களும் மூன்று மூன்றாக இரண்டு குழுவாகப் பிரிந்திருக்கும். ஒரு குழுவிலிருந்து மற்றொன்றுக்குத் தகவல் போகும் பாதை ரேமின் வேகத்தோடு கட்டப்பட்டது. ரேம் மெதுவாக ஓடினால் பிராசசருக்குள் இருக்கும் பாதையும் மெதுவாகிவிடும்.

என் ரேம் குச்சியின் மேல் 3200 என்று எழுதியிருக்கிறது. ஆனால் இத்தனை வருடமும் அது 2133-இல்தான் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி என்ற அமைப்பை யாராவது இயக்கினால்தான் எழுதியிருக்கும் வேகம் வரும். அதை ஒருவரும் செய்யவில்லை. ஆசுஸ் போர்டில் இதன் பெயர் டிஓசிபி. எம்எஸ்ஐயில் ஏ-எக்ஸ்எம்பி.

டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் இப்போதைய வேகம் தெரியும். 2133 அல்லது 2400 என்று இருந்தால், கம்ப்யூட்டரை மறுபடி தொடக்கி, டெலீட் விசையைத் தட்டிக்கொண்டே இருந்து பயாஸுக்குள் போங்கள். எக்ஸ்எம்பியை இயக்கிச் சேமியுங்கள். ரைசன் 1000 வரிசை எல்லா ரேமையும் 3200-இல் ஏற்றுக்கொள்ளாது. என்னுடையது ஏற்கவில்லை: திரை கறுப்பாகி, மூன்று முறை அணைந்து எரிந்து, பழைய வேகத்துக்கே திரும்பிவிட்டது. பயப்பட வேண்டாம். எக்ஸ்எம்பியை அப்படியே வைத்து, வேகத்தை மட்டும் 2933 என்று குறைத்தேன், சிக்கலில்லாமல் ஓடியது. திரும்பி வராமல் கறுப்பாகவே நின்றால், கரண்டைத் துண்டித்து, மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்துப் போடுங்கள். பயாஸ் பழையபடி வந்துவிடும்.

அடுத்து ஸ்லாட். என்னிடம் 8 ஜிபி குச்சி இரண்டு. இரண்டாவதை வாங்கியபோது முதலாவதன் பக்கத்திலேயே சொருகிவிட்டேன். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் அது தவறு. பிராசசர் பக்கமிருந்து எண்ணினால் 2-ஆவதும் 4-ஆவதுமாகப் போட வேண்டும். அப்போதுதான் இரண்டு வழியாகவும் தகவல் ஓடும். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் அளவு 16 ஜிபி என்றே காட்டும், வழி மட்டும் ஒன்றாகிவிடும். ஒரே குச்சிதான் இருக்கிறது என்றால் இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் 2025-இன் கடைசியில் ரேம் விலை கிடுகிடுவென ஏறிவிட்டது. இருந்தாலும், பழைய குச்சி ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் வாங்குங்கள்.

இந்த இரண்டையும் திருத்தியதில் என் சந்தைக் கூட்டம் 43-இலிருந்து 54 எஃப்பிஎஸ்ஸுக்கு வந்தது. செலவு பூஜ்யம், ஒரு சாயங்காலம் போதும்.

3. தூசியும் சூடும்

எனக்கு ஊர் மதுரை. மே மாத மதியத்தில் ஃபேன் மட்டும் ஓடும் அறையில் உட்கார்ந்தால் கேபினட்டுக்குள் நுழையும் காற்றே கொதிக்கிறது. பிராசசர் சூடானால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாடும்போது வெப்பம் 85 டிகிரியைத் தாண்டினால் இந்தப் படி உங்களுக்குத்தான்.

கேபினட்டின் பக்கக் கதவைக் கழற்றி, கூலர் ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, பிளோயரால் ஊதுங்கள். பிடிக்காமல் ஊதினால் ஃபேன் வெறித்தனமாகச் சுற்றி பேரிங் கெட்டுப்போகும். வீட்டு வேக்குவம் கிளீனரை உள்ளே விடாதீர்கள். முன்பக்க வலையில் படிந்திருக்கும் தூசிப் போர்வையை உரித்து எடுங்கள். சுவரை ஒட்டி வைத்திருந்தால் ஒரு சாண் முன்னே இழுங்கள். ஐந்து வருடத்துக்கு மேல் ஆன தெர்மல் பேஸ்ட்டை மாற்றத்தான் வேண்டும். ஆனால் பிராசசரையே மாற்றும் எண்ணம் இருந்தால் இப்போது கூலரைத் தொடாதீர்கள். இரண்டு வேலையையும் ஒன்றாக ஏழாவது படியில் செய்துகொள்ளலாம்.

4. விண்டோஸும் கேமுக்குள் இருக்கும் அமைப்புகளும்

விண்டோஸ் பக்கம் செய்வதற்கு அதிகம் இல்லை. பின்னால் ஓடும் பிரவுசர், கம்ப்யூட்டரோடு சேர்ந்து தொடங்கும் லாஞ்சர்கள், விளக்கு நிறம் மாற்றும் மென்பொருள்கள் இவற்றை நிறுத்துங்கள். ஏஎம்டி தளத்திலிருந்து சிப்செட் டிரைவரைப் புதுப்பியுங்கள். "கேம் பூஸ்டர்" என்று பெயர் வைத்த எதையும் நிறுவாதீர்கள், காசு கேட்டாலும் கேட்காவிட்டாலும் சரி.

விண்டோஸில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு இருக்கிறது. அதை அணைத்தால் வேகம் கூடும் என்பது உண்மை. அதற்கான வசதி ரைசன் 3000 வரிசையிலிருந்துதான் பிராசசருக்குள்ளேயே வந்தது, அதனால் பழையவற்றில் இழப்பு கொஞ்சம் கூடுதல். ஆனால் வங்கி வேலையும் இதே கம்ப்யூட்டரில் செய்பவர்கள் அணைக்க வேண்டாம் என்பது என் கருத்து. நான் அணைக்கவில்லை.

கேமுக்குள் எந்த அமைப்பு யாருக்குச் சுமை என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மக்கள் கூட்டம், தூரத்துப் பொருள்கள் எவ்வளவு தெரிய வேண்டும் என்பது, இயற்பியல் விளைவுகள், ரே டிரேசிங் இவையெல்லாம் பிராசசருக்குச் சுமை. நிழலும் ஓரளவு சுமைதான். இவற்றைக் குறையுங்கள். டெக்ஸ்சர், ஆன்டி-அலையசிங், ரெசல்யூஷன் இவை கார்டின் வேலை. அவற்றைக் குறைத்தால் படம் மங்கும், எஃப்பிஎஸ் அங்கேயே நிற்கும். சைபர்பங்கில் கூட்டத்தின் அடர்த்தி கிராபிக்ஸ் பக்கத்தில் இருக்காது, கேம்பிளே பக்கத்தில் இருக்கும். நான் அதைத் தேடவே அரைமணி நேரம் ஆனது.

எஃப்எஸ்ஆர் மாதிரி அப்ஸ்கேலிங்கும் (சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கிக் காட்டுவது) இதே காரணத்தால் இங்கே கைகொடுக்காது, அது கார்டின் சுமையைத்தான் குறைக்கிறது. ஃபிரேம் ஜெனரேஷன், அதாவது இரண்டு படங்களுக்கு நடுவே செயற்கையாக ஒரு படத்தைச் செருகுவது, எண்ணைக் கூட்டும். ஆனால் அடிப்படை எஃப்பிஎஸ் 35, 40-இல் கிடக்கும்போது இயக்கினால் மவுஸ் அசைவு பின்தங்குவது கையில் தெரியும். இவற்றைவிட எனக்குப் பிடித்தது ஃபிரேம் லிமிட். 50-க்கும் 75-க்கும் நடுவே ஊசலாடும் கேமை ரிவாடியூனரில் 50 என்று கட்டிப்போட்டேன். எகிறல் பெருமளவு அடங்கிவிட்டது.

ஓவர்கிளாக்கிங் (பிராசசரை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது) பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 1600-ஐ 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை ஏற்றுபவர்கள் உண்டு. பி350 போர்டு அதற்கு இடம் கொடுக்கும், ஏ320 கொடுக்காது. மலிவான பி350 போர்டுகளில் மின்சாரம் கொடுக்கும் பகுதிக்கு ஒழுங்கான ஹீட்சிங்க் கூடக் கிடையாது. நம் ஊர் வெயிலில், எட்டு வயதான போர்டில், அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிடைக்கும் லாபமும் அடுத்த படியில் கிடைப்பதோடு ஒப்பிடும் அளவில் இல்லை.

இதுவரை செய்ததிலேயே திருப்தி என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். காசு மிச்சம்.

5. எந்தப் பிராசசர் வாங்குவது

ஏஎம்4 வைத்திருப்பவர்களின் பாக்கியம் இதுதான்: 2017-இன் போர்டிலேயே 2022-இன் பிராசசரைப் போடலாம். பி350, எக்ஸ்370 போர்டுகளுக்கும் ரைசன் 5000 வரிசை ஓடும்படியான பயாஸை 2022-இல் கொடுத்தார்கள். போர்டு, ரேம், மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் எதையும் மாற்ற வேண்டாம்.

பெரும்பாலோருக்கு என் பரிந்துரை ரைசன் 5 5600. ஆறு கோர், 12 திரெட், 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். 1600 மாதிரியே 65 வாட். பெரிய மாற்றம் உள்ளே இருக்கிறது: ஆறு கோரும் ஒரே குழு, நடுவில் 32 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான சிறு நினைவகம்). 1600-இல் ஒரு குழுவுக்கு 8 எம்பிதான். கேம் திரும்பத் திரும்பக் கேட்கும் தகவல் கேஷிலேயே கிடைத்துவிட்டால் ரேம் வரை ஓட வேண்டியதில்லை.

வாங்கும்போது பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 5600 வேறு, 5600ஜி வேறு, 5600ஜிடி வேறு. ஜி, ஜிடி இரண்டிலும் கேஷ் 16 எம்பிதான், 5500-இலும் அப்படியே. "எல்லாம் ஒண்ணுதான் சார், இதுல டிஸ்பிளேவும் வரும்" என்று ஒரு கடையில் எனக்கு 5600ஜியை எடுத்து நீட்டினார்கள். தனி கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவருக்கு அது சரியான சாமான் இல்லை. பணம் தாராளமாக இருந்தால் 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி இரண்டும் 96 எம்பி கேஷோடு இந்தச் சாக்கெட்டின் உச்சம். ஆனால் இரண்டும் 105 வாட், கூலர் தனியாக வாங்க வேண்டும், புதிதாகக் கிடைப்பதும் அரிது. பழையதை வாங்கினால் பின்களை வெளிச்சத்தில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

நான் 5600-ஐ பத்தாயிரம் ரூபாய் சுமாருக்கு வாங்கினேன். சென்னை ரிச்சி தெருவில் நாலு கடை ஏறி இறங்கினால் ஐநூறு, ஆயிரம் வித்தியாசம் வரும். குறைந்த விலை சொன்னால் உடனே கேளுங்கள்: பாக்ஸா, ட்ரேயா? பெட்டியில் வருவதற்கு ஏஎம்டியின் மூன்று வருட வாரண்டியும் கூலரும் உண்டு. ட்ரே என்றால் கூலர் இருக்காது, வாரண்டி கடைக்காரர் கொடுப்பதுதான். ஜிஎஸ்டி பில்லில் பிராசசரின் முழுப் பெயரும் சீரியல் நம்பரும் இருக்க வேண்டும். பில்லையும் பெட்டியின் ஸ்டிக்கரையும் அன்றே படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தில் பில் எழுத்து ஒரு வருடத்தில் மறைந்துவிடும்.

மலிவான கார்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பி350, பி450 போர்டில் எந்தப் பிராசசர் போட்டாலும், கார்டுக்குத் தகவல் போகும் பாதை பிசிஐ 3.0 வேகம்தான். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மாதிரி நான்கு லேன் (அந்தப் பாதையின் தடங்கள்) மட்டும் உள்ள கார்டு இதில் நன்றாக அடி வாங்கும். 6600-க்கு எட்டு லேன், பெரிய இழப்பு இல்லை.

6. பயாஸ் அப்டேட்: பழைய பிராசசர் இருக்கும்போதே

இந்தப் படியின் வரிசை தவறினால் கறுப்புத் திரைதான். பெரும்பாலான போர்டுகளில் புதுப் பிராசசரைப் போட்டுவிட்டு பயாஸை அப்டேட் செய்ய முடியாது, ஏனென்றால் பழைய பயாஸுக்குப் புதுப் பிராசசரைத் தெரியாது.

தொடங்கும் முன் இவற்றைக் கையில் எடுத்து வையுங்கள்.

போர்டின் சரியான பெயரும் ரிவிஷன் எண்ணும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் பெயரைக் காட்டும். ரிவிஷன் எண்ணை போர்டின் மூலையில் பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள். 1.0-க்கும் 2.0-க்கும் பயாஸ் கோப்பு வேறாக இருக்கலாம்.

டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க ரெகவரி கீ. என் ஞாயிற்றுக்கிழமை போனது இதில்தான். டிரைவை என்கிரிப்ட் செய்து வைத்திருந்ததே எனக்கு மறந்துவிட்டது. பயாஸ் மாறியதும் நீலத் திரையில் கீ கேட்டது. எந்த மின்னஞ்சல் கணக்கில் சேமித்தேன் என்று தேடி எடுக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. நீங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கீயை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அப்டேட்டுக்கு முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தியும் வையுங்கள்.

யூபிஎஸ். நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடும். யூபிஎஸ் இல்லையென்றால் இரவல் வாங்குங்கள். மழை நாளில் தொடங்காதீர்கள்.

அப்புறம் போர்டு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலின் சிபியு சப்போர்ட் பட்டியலைத் திறந்து, நீங்கள் வாங்கிய பிராசசருக்கு எந்த பயாஸிலிருந்து ஆதரவு என்று பாருங்கள். உங்கள் பயாஸ் மிகப் பழையதாக இருந்தால் ஒரே தாவலில் கடைசிக்குப் போக முடியாமல் இருக்கலாம். இடையில் எந்த வெர்ஷனைப் போட வேண்டும் என்று பக்கத்திலேயே குறிப்பு இருக்கும். எனக்கு இரண்டு முறை செய்ய வேண்டியிருந்தது. அந்தக் குறிப்பை வரி விடாமல் படியுங்கள். சில போர்டுகளில் புதிய பயாஸ் போட்டால் பழைய பிராசசரின் ஆதரவு போய்விடும் என்றும், திரும்பப் பழைய பயாஸுக்கு வர முடியாது என்றும் எழுதியிருப்பார்கள்.

கோப்பை விரித்து, ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்த பென்டிரைவில் போட்டு, பயாஸுக்குள்ளிருந்தே அப்டேட் செய்யுங்கள். எம்எஸ்ஐயில் எம்-ஃப்ளாஷ், கிகாபைட்டில் க்யூ-ஃப்ளாஷ், ஆசுஸில் ஈஸி ஃப்ளாஷ். விண்டோஸில் ஓடும் அப்டேட் மென்பொருள் வேண்டாம். ஒரு முறைக்குப் பத்து நிமிடம் ஆகலாம். அதுவரை எதையும் தொடாதீர்கள்.

7. பிராசசரை மாற்றுவது

கேபினட்டைப் படுக்க வையுங்கள். 1600-உடன் வந்த கூலர் நான்கு திருகால் பின்பக்கத் தகட்டில் பிடித்திருக்கும். நிற்க வைத்துக் கழற்றினால் தகடு பின்னால் விழுந்துவிடும்.

அதற்கு முன் மிக முக்கியமான வேலை ஒன்று. பதினைந்து நிமிடம் ஒரு கனமான கேமை ஓட்டி, உடனே அணைத்து, கரண்டைத் துண்டித்து, சூடு இருக்கும்போதே கூலரைக் கழற்றுங்கள். ஏஎம்4-இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும், 1331 பின். சாக்கெட்டின் நெம்புகோல் பூட்டியிருந்தாலும் பிடி அவ்வளவு இறுக்கம் கிடையாது. காய்ந்த பேஸ்ட் கூலரையும் பிராசசரையும் ஒட்டிவைத்திருக்க, நீங்கள் மேலே இழுத்தால் பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வரும். திருகுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, கூலரைத் தூக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகுங்கள். வழுக்குவது கையில் தெரிந்த பிறகுதான் மேலே எடுக்க வேண்டும்.

எனக்கு அது தெரியாது. குளிர்ந்த கம்ப்யூட்டரில் நேராக இழுத்தேன். "டப்" என்ற சத்தத்தோடு கூலரின் அடியில் பிராசசரும் தொங்கிக்கொண்டு வந்தது. சுண்ணாம்பு மாதிரிக் காய்ந்த பேஸ்ட். போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து, நாற்று வரிசையைப் பார்ப்பது போல ஒவ்வொரு வரிசையாகக் கண்ணை ஓட்டினேன். ஓரத்து வரிசையில் ஒன்று மட்டும் பக்கத்துப் பின்னின் மேல் சாய்ந்திருந்தது. 0.7 மெக்கானிக்கல் பென்சிலின் லெட்டை எடுத்துவிட்டு, முனையின் ஓட்டைக்குள் அந்தப் பின்னை நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். ஒரே பக்கமாக ஒரே முறை. முன்னும் பின்னும் ஆட்டினால் ஒடிந்துவிடும். பழைய பிராசசர் பிழைத்தது. உங்களுக்கு அந்தப் பத்து நிமிடம் வேண்டாம்.

புதியதைப் போடுவது எளிது. நெம்புகோலைத் தூக்கி, பிராசசரின் மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தையும் சாக்கெட்டின் முக்கோணத்தையும் ஒரே மூலையில் வைத்து இறக்குங்கள். தன் எடையிலேயே உட்கார வேண்டும். அழுத்த வேண்டியிருந்தால் ஏதோ தவறு, எடுத்துப் பாருங்கள். பெட்டியில் வந்த கூலரின் அடியில் பேஸ்ட் ஏற்கெனவே பூசியிருக்கும். பழைய கூலரையே போடுவதானால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். 1600-உடன் வந்த கூலர், 5600-உடன் வருவதைவிடப் பெரியது. நான் பழையதையே வைத்துக்கொண்டேன். பேஸ்டும் ஆல்கஹாலும் சேர்ந்து ஐநூறு ரூபாய்க்குள் முடிந்தது.

ஃபேன் வயரைச் சொருக மறக்காதீர்கள்.

8. முதல் தொடக்கம்

பொத்தானை அழுத்தியதும் படம் வராது. ஃபேன் சுற்றும், திரை கறுப்பு. போர்டு ரேமைப் பழகிக்கொள்கிறது; இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகலாம், ஒன்றிரண்டு முறை தானாக அணைந்து எரியலாம். அவசரப்பட்டு ஸ்விட்சை அணைக்காதீர்கள்.

பிறகு, புதுப் பிராசசர் கண்டுபிடிக்கப்பட்டது, எஃப்டிபிஎம்மை (டிரைவ் பூட்டின் சாவியைப் பிராசசருக்குள் காக்கும் பாதுகாப்பு வசதி) அழித்துப் புதிதாக அமைக்கவா, ஒய் அல்லது என் அழுத்தவும் என்று ஒரு கேள்வி வரலாம். ரெகவரி கீ கையில் இருந்தால் ஒய். கீ இல்லாமல் ஒய் அழுத்தினால் என்கிரிப்ட் செய்த டிரைவைத் திறக்கவே முடியாமல் போகலாம்.

பயாஸ் அப்டேட்டில் உங்கள் பழைய அமைப்புகள் எல்லாம் அழிந்திருக்கும். எக்ஸ்எம்பியை மறுபடி இயக்குங்கள். என் ரேம் 5600-இல் முதல் முயற்சியிலேயே 3200-இல் ஓடியது. எஃப்டிபிஎம், செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் அமைப்பு) இரண்டும் இயங்குகின்றனவா என்று பாருங்கள்; விண்டோஸ் 11-இல் வேலரண்ட் விளையாடுபவர்களுக்கு இவை இல்லாமல் கேமே திறக்காது. பிராசசர் கார்டின் நினைவகம் முழுவதையும் ஒரே நேரத்தில் அணுக உதவும் ரீசைசபிள் பார் என்ற அமைப்பு இருந்தால் அதையும் இயக்குங்கள். போர்டு மாறாததால் விண்டோஸ் ஆக்டிவேஷனில் எனக்குச் சிக்கல் வரவில்லை, புதிதாக நிறுவவும் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. 1600-ஐ விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை, 5600-ஐ ஏற்றுக்கொள்கிறது. அந்த வழியும் இதோடு திறந்துவிடும்.

தாளை எடுத்து அதே சந்தையில் அதே இரண்டு நிமிடம் ஓட்டினேன். 78 எஃப்பிஎஸ். கார்டு 97 சதவீதம். அந்த ஆர்எக்ஸ் 6600 வாங்கியதிலிருந்து முழுதாக வேலை செய்தது அன்றுதான்.

நேரக் கணக்கு: அளப்பது, ரேம், கேம் அமைப்புகள் எல்லாம் ஒரு சாயங்காலம். பயாஸுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிராசசர் மாற்ற, முதல் முறை என்றால், இரண்டு மணி நேரம். பயாஸ் வேலையையும் பிராசசர் வேலையையும் ஒரே இரவில் வைத்துக்கொள்ளாதீர்கள். கடை திறந்திருக்கும் நாளின் காலையில் தொடங்குங்கள்.

பழைய பிராசசரை உடனே விற்றுவிட வேண்டாம். புதியது ஒரு மாதம் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடட்டும். ஏதாவது கோளாறு என்றால் பிராசசரா போர்டா என்று பிரித்துப் பார்க்க அது தேவைப்படும். புதியது வந்த பிளாஸ்டிக் கூட்டிலேயே பின்கள் அழுந்தாமல் வையுங்கள். விற்கும்போது பின் வரிசைகள் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக் காட்டுங்கள். எனக்கு 2,500 ரூபாய் கிடைத்தது.